எர்த்தம்மா

குயிலாம்பாறைக்கு ஏறி இறங்கும் மினி பஸ்ஸின் டைனமோ, பவளம் வந்து உட்கார்ந்தால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகி, பலா எந்த மாதம் காய்க்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதோடு சேர்த்துச் சொல்லப்படும் அளவுக்குப் பழகியும் போய்விட்டது. புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருத்தர் மட்டும் முதல் நாள் சிரித்தார். அவருக்குக் காட்டுவதற்கென்றே பவளத்தை மூன்றாவது வளைவில் இறக்கிவிட்டார்கள். டிரைவருக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, மீட்டர் முள் படுத்துக்கொண்டது, ஐந்தாவது வளைவுக்குள் வண்டியும் நின்றது. பின்னால் பவளம் நடந்து வந்து ஏறிக்கொள்ளும் வரை வாத்தியார் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

டிரைவர் துரைக்கண்ணு பவளத்தின் புருஷன். அந்த மலைக்கு ஒரே வண்டி, ஒரே டிரைவர். ஆயுத பூசை முடிந்த மறுநாள் காலையில்தான் சார்ஜ் விளக்கு முதன்முதலாக அணையாமல் எரிந்தது. வண்டி முதலாளி அனுப்பிய எலக்ட்ரீஷியன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒருவர் பேட்டரியை மாற்றினார், அடுத்தவர் டைனமோவை மாற்றினார், மூன்றாமவர் சார்ஜை அளந்துவிடும் கட்அவுட்டையும் பெல்ட்டையும் மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். எல்லாம் புதுசாகியும் விளக்கு பழையபடி எரிந்தது. இந்தக் காலத்து வண்டியென்பதால் பேட்டரி இறங்கினால் இன்ஜினும் செத்துவிடும். பதினோரு வளைவுகளில் எந்த வளைவில் எந்த நாள் நிற்கும் என்பது தெரியாமல், ஜனங்கள் கல்லும் கையுமாக, அதாவது டயருக்கு முட்டுக் கொடுக்க ஆளுக்கொரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு, பிரயாணம் செய்தார்கள்.

அப்படி ஒரு நாள் பவளம், தைத்து முடித்த ரவிக்கைகளை அடிவாரத்து ஆத்துமேட்டுக் கடையில் சேர்ப்பதற்காகப் பையோடு ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, சன்னல் கம்பியைப் பிடித்தாள். விளக்கு அணைந்தது. முள் எழுந்து நின்றது. ஆத்துமேட்டில் அவள் இறங்கினாள், விளக்கு எரிந்தது. கண்டக்டர் சடையன் அவளைக் கூப்பிட்டு ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். மூன்றாவது தடவை அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். மூன்றாமவரான எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டதற்கு, அந்தம்மா உட்கார்ந்தால் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வழி, கிடைக்கிறது போலிருக்கிறது, ஓடுகிற வரை ஓட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கிலிருந்து அவள் பெயர் எர்த்தம்மா.

ஊர் அந்த அதிசயத்தை எடுத்து மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. ஒரு நாளைக்கு நாலு நடை, நாலு நடைக்கும் பவளம் போயாக வேண்டும் என்பதால் அவள் ஆடுகளை மேல்வீதிக்காரர்கள் மேய்த்தார்கள், கீழ்வீதிக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள், முறை வைத்துக் களி கிண்டிக் கொண்டுவந்து தூக்குச்சட்டியில் கொடுத்தார்கள். அவள் சீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை வந்தது, மெத்தைக்கு மேல் சிவப்புத் துணி வந்தது, துணிக்கு மேல் செவ்வாய்க்கிழமைகளில் பூ வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவை அவள் மடியில் வைத்து எடுத்தார்கள், புதுச் செல்போன் வாங்கியவன் அதை அவள் கையில் கொடுத்து வாங்கினான், வரப்புத் தகராறில் ஏழு வருஷம் பேசாதிருந்த அண்ணன் தம்பிகள் அவள் சீட்டுக் கம்பியைத் தொட்டுச் சத்தியம் செய்து அளவுகல்லை நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எர்த்தம்மாவுக்கு ஓய்வு, வண்டி ஓடாது என்று பெயின்டில் எழுதிப் புளியமரத்தில் மாட்டினார்கள். அவளுக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. தையல் மெஷின் தூசி படிந்து கிடந்தது.

துரைக்கண்ணுவுக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள், வளைவுக்கு வளைவு ஜனம் கும்பிடுகிறது, நேற்று வரை துரை என்று கூப்பிட்டவன் இன்றைக்கு டிரைவருங்க என்கிறான். அவன் மீசையைக்கூட கொஞ்சம் மேலே தூக்கி விட்டுக்கொண்டான்.

அப்படி உட்காரத் தொடங்கிய பதினைந்தாம் நாள் பவளம் கிழிந்த பாவாடையைத் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி இடதுகை ஆள்காட்டி விரலில் ஏறி மறுபக்கம் வந்தது. அவளுக்கு உறைக்கவில்லை. துணியில் சிவப்பாகப் பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். துரைக்கண்ணு விரலைப் பிடித்துப் பார்த்தான். ரத்தம் கிணற்றுத் தண்ணீராட்டம் சில்லென்று இருந்தது. மலைக்காற்று, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

அடுத்த வாரம் குளிர் மணிக்கட்டைத் தாண்டியது. அதற்கடுத்த வாரம் முழங்கை. அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பளி போர்த்திய எர்த்தம்மாவுக்கு ஊர் இன்னும் கொஞ்சம் பயந்து கும்பிட்டது. முழங்கைக்கு வந்தபோதே துரைக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும். செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அவள் தோள் ஒருமுறை தூக்கிப் போடும். இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரம் நல்ல ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தான். அடுத்த வாரமும் அதையே நினைத்தான்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலேயே படுத்துக்கொள்ள, வண்டி எந்த வளைவில் நிற்குமோ என்று துரைக்கண்ணு விளக்கைப் பார்த்தபடியே கிளப்பினான். நிற்கவில்லை. விளக்கு எரியவில்லை. முள் நிமிர்ந்து நின்றது. எர்த்தம்மா இனி உட்காரவே வேண்டாம், வீட்டில் இருந்தபடியே அருள் கொடுக்கிறாள் என்று சடையன் படியில் தொங்கிக்கொண்டே அறிவித்தான், ஜனம் கைதட்டியது. துரைக்கண்ணுவும் சிரித்துக்கொண்டே மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான்.

பவளம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பளிக்கு வெளியே தெரிந்த உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாலு தடவ ஸ்டார்ட் பண்ணுனீங்களா?" என்று கேட்டாள்.

அவன் எண்ணிப் பார்த்தான். நாலுதான். காலையில் ஊரில், பிறகு ஆத்துமேட்டில், டீக்கடையில் நிறுத்திவிட்டு ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. அவள் ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். குளிர் தோளைக் கடந்து காறை எலும்பில் வந்து நின்றது. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு மூட்டு ஏறியது, இன்றைக்கு ஒரு ஸ்டார்ட்டுக்கு நாலு விரற்கடை ஏறியிருக்கிறது. அங்கிருந்து நெஞ்சுக்கு நாலு விரற்கடை இருந்தால் அதிகம். வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, ஆத்துமேட்டு ஜெபமணிக்குப் போன் போட்டான்.

ஜெபமணி ஐடிஐ படித்தவள், ஐம்பது வயது, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள், ஆத்துமேட்டில் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன். பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று டிரைவர்கள் பலரும் அவளைத் தாண்டிப் போவார்கள், துரைக்கண்ணுவும் அப்படிப் போனவன்தான். அவள் அதையெல்லாம் பேச நேரமில்லை என்பதுபோல், விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லி, பையை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

அவள் வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. இரண்டு மணி நடை கிளம்பவில்லை. கூட்டத்துக்கு நடுவில் மாதப்பனைக் கட்டிலோடு கொண்டுவந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மாதப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் இந்த இரண்டு மணி நடையில் போய் ஆத்துமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மழையில் மரம் விழுந்து போக முடியவில்லை. இன்றைக்கு முகம் உப்பி, மூச்சு மேலும் கீழும் இழுத்தது. ஆம்புலன்ஸ் அடுத்த மலைக்குப் போயிருந்தது, வர மூன்று மணி நேரமாகுமாம்.

துரைக்கண்ணு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னான். குளிர் விரலில் தொடங்கி ஏறியதையும், இன்னும் ஒரு ஸ்டார்ட் அடித்தால் நெஞ்சுக்குப் போய்விடும் என்பதையும் சொன்னான். பவளத்தின் மடியில் பேனா வைத்து எடுத்தவர்களும், அவளுக்குக் களி கிண்டிக் கொடுத்தவர்களும் மண்ணைப் பார்த்தார்கள். ஊர் கெட்டதல்ல. ஆனால் கட்டிலில் கிடப்பவன் மூச்சு எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

மாதப்பனின் சம்சாரம்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரே ஒரு ஸ்டார்ட்டு டிரைவருங்க. அவளுக்கு ஏறுதோ ஏறலையோ. இவரு போறது என் கண்ணுக்கு முன்னால தெரியுதுங்களே."

அவளைக் கோபிக்க யாருக்கும் மனசு வரவில்லை, துரைக்கண்ணுவுக்கும் வரவில்லை. அவன் இடுப்பு முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள், அப்புறம் நாலு பேர் ஆனார்கள். அந்த நேரத்தில் டிவிஎஸ் சத்தம் கேட்டது.

ஜெபமணி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள், ஆயுத பூசைக்கு மறுநாள் என்றான் துரைக்கண்ணு. மீட்டரை எடுத்து, இன்ஜினைத் தொடாமல் சின்ன பார்க் விளக்கை மட்டும் போடச் சொல்லி, பேட்டரிக்கும் இன்ஜினுக்கும், இன்ஜினுக்கும் அடிச்சட்டமான சேஸுக்கும், சேஸுக்கும் பாடிக்கும் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் எர்த் சுத்தமாக இருப்பதாகவே மீட்டர் சொன்னது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த மூன்று பேரும் பாகங்களை மாற்றினார்களே தவிர எர்த்தைப் பார்க்கவில்லை, இப்போது பார்த்தாலும் மீட்டருக்குத் தெரியாது என்றாள். கோளாறு இருக்கிற இடத்தைப் பவளம்தான் தன் உடம்பால் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் தாங்கிக்கொண்டிருக்கும் வரை எந்த மீட்டருக்கும் ஓட்டை தெரியப் போவதில்லை.

"அப்ப எப்டிக்கா கண்டுபுடிக்கிறது?" என்றான் துரைக்கண்ணு.

"அவளயே கூட்டியா. மீட்டருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும்."

நாலு பெண்கள் பவளத்தைத் தாங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பார்க் விளக்கு எரியும்போது எப்படி இருக்கிறது என்று ஜெபமணி கேட்டாள். காறை எலும்பில் எறும்பு ஊர்கிறது, கொஞ்சமாகத்தான், ஆனால் நிற்காமல் ஊர்கிறது என்றாள் பவளம். அப்படியானால் சீக்கிரம் என்று சொல்லிவிட்டு ஜெபமணி பெருவிரல் கனத்தில் ஒரு ஒயரை எடுத்தாள். எர்த் ஒயர் மாட்டியிருக்கிற ஒவ்வொரு இடத்திலும் இந்த ஒயரால் ஒரு குறுக்குவழி போட்டுக்கொடுப்பாள். எந்த இடத்தில் போட்டதும் ஊர்வது நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

பேட்டரியடியில் வைத்தாள். பவளம் தலையாட்டினாள், ஊர்கிறது. பாடிக்கு வைத்தாள். ஊர்கிறது. கியர்பாக்ஸுக்கு வைத்தாள். பவளம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விரலை ரவிக்கைக்கு மேல் வைத்து, இங்கே வந்துவிட்டது என்று காட்டினாள். கட்டிலில் மாதப்பன் இருமினான். ஜெபமணி வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்து போனாள்; அவள் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. இன்ஜினையும் சேஸையும் சேர்க்கிற பட்டை ஒயரின் இரண்டு பக்கமும் அவள் கனத்த ஒயரை அழுத்தினாள்.

"நின்னுருச்சு," என்றாள் பவளம்.

ஊர் மூச்சு விட்டது. ஜெபமணி விளக்கை அணைக்கச் சொல்லி, பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, துரைக்கண்ணுவை அடியில் வரச் சொன்னாள். போல்ட்டைக் கழற்று என்றாள். அவன் கழற்றினான். பட்டை ஒயரின் முனைக்கும் சேஸுக்கும் நடுவில், இரும்பும் இரும்பும் ஒட்ட வேண்டிய இடத்தில், பச்சைப் பெயின்ட் ஒரு பூச்சு, அதன்மேல் கெட்டியாகக் காய்ந்த சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் குங்குமப் பொட்டு.

மற்ற டிரைவர்கள் பூசையன்றைக்கு வண்டியைக் கழுவி, மேலே தெரிகிற இடங்களில் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போவார்கள். துரைக்கண்ணு இந்த வருஷம் ஒரு படி மேலே போனவன். பதினோரு வளைவும் ஏறி இறங்குகிற வண்டி, கண்ணுக்குத் தெரிகிற உறுப்புக்கு மட்டும் மரியாதை செய்தால் தெரியாத உறுப்பு கோவித்துக்கொள்ளாதா என்று, அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, பெயின்ட் அடித்துக் காயவைத்து, உள்ளே சந்தனம் பூசிப் பொட்டு வைத்து மாட்டியிருந்தான். அன்றைக்கு அரை நாள் ஆனது; கழற்றியவற்றில் எர்த் ஒயர் மாட்டிய போல்ட் இது ஒன்றுதான். அவன் பெருவிரல் ரேகைகூட சந்தனத்தில் அப்படியே பதிந்திருந்தது.

"கரண்டுக்குப் போறதுக்கு வழி வேணும் தம்பி. நீ மூடுன. அது ஆளத் தேடிக்கிச்சு," என்றாள் ஜெபமணி. அவன் மேல் கோபப்பட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை.

அவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். ஜெபமணி உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தாள், ஒயர் முனையையும் தேய்த்தாள், புது வாஷர் போட்டு இறுக்கினாள். சடையன் குனிந்து பார்த்து, ஓரத்தில் கொஞ்சூண்டு சந்தனத்தை விட்டுவைக்கலாமா, அந்தம்மாவும் அப்படியே இருக்கும் வண்டியும் ஓடும் என்று கேட்டான். ஜெபமணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் நிமிர்ந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

மறுபடி பேட்டரியை மாட்டி, பார்க் விளக்கு போட்டார்கள். ஊர்வது இல்லை என்றாள் பவளம். பெரிய விளக்கு போட்டார்கள். இல்லை. மாதப்பனைத் தூக்குங்கள் என்று யாரோ சொல்ல, ஜெபமணி கையைக் காட்டி நிறுத்தினாள். விளக்குக்குப் போகிற கரண்ட் சின்னது, செல்ஃப் இழுப்பது அதைப்போல இருபது மடங்கு, சின்னதுக்குச் சரியாக இருக்கிற எர்த் பெரியதுக்குக் கைவிடுவதை ஷெட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தேய்த்த இடம் நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், சத்தியம் செய்ய முடியாது என்றாள். சாவியைத் திருப்பினால்தான் தெரியும். தப்பாக இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும்.

துரைக்கண்ணு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாவியை ஓட்டையில் வைத்தான். கை வரவில்லை. கீழே மாதப்பனின் சம்சாரம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் இறங்கி வந்து பவளத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் முந்திக்கொண்டாள்.

"இது எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?"

"முழங்கைக்கு வந்தப்பவே."

"அதுக்கப்புறமும் ஓட்டுனீங்க."

"ஓட்டுனேன். அடுத்த வாரம் காட்டிக்கலாம், அடுத்த வாரம் காட்டிக்கலாம்னு தள்ளிப் போட்டேன்."

அவள் அதைக் கேட்டு அழவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. வலது கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. என் ஒடம்பு, நான் திருப்பறேன்."

ஜெபமணி தடுக்கவில்லை. பெண்கள் தாங்கி ஏற்றிவிட, பவளம் முதன்முறையாக அந்த வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். துரைக்கண்ணு படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கும்பிட வேண்டுமா கூடாதா என்று ஊருக்குத் தெரியவில்லை, பாதிப் பேர் கையைத் தூக்கியபடியும் பாதிப் பேர் கட்டியபடியும் நின்றார்கள். பவளம் மாதப்பன் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் சாவியைத் திருப்பினாள்.

செல்ஃப் சுழன்றது. துரைக்கண்ணு அவள் தோளையே பார்த்தான். தோள் தூக்கிப் போடவில்லை. இன்ஜின் பிடித்தது, சிவப்பு விளக்கு அணைந்தது, முள் எழுந்து நடுவில் நின்றது. ஜெபமணி மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு பதினாலு புள்ளி இரண்டு என்று உரக்கச் சொன்னாள். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, இருந்தாலும் எல்லோரும் அழுதார்கள்.

மாதப்பனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டான். ஊர், எடுத்துச் செருகியதைப் போலவே, எடுத்து உதறியும் விட்டது. மெத்தை யார் வீட்டுக்கோ போனது. புளியமரத்துப் பலகையை வாத்தியார் கழற்றினார். எர்த்தம்மா என்று கூப்பிட்டவர்கள் இரண்டு நாள் எப்படிக் கூப்பிடுவதென்று தடுமாறிவிட்டு, பவளம் என்றே கூப்பிட்டார்கள். அவள் ஆடுகளை அவளே ஓட்டிப் போனாள். குளிர் ஒரு நாளைக்கு ஒரு கணுவாக இறங்கியது. துரைக்கண்ணு தினமும் கேட்டான், முழங்கைக்கு வந்துவிட்டது, மணிக்கட்டுக்கு வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். கையை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் காலை நடைக்கு அவள் ஏறினாள். தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், காலடியில் ஒரு பை. டிரைவருக்குப் பின்னால் அவளுடைய பழைய சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவள் கடைசி வரிசைக்குப் போனாள். சடையன் பக்கத்தில் போய்த் தயங்கி நிற்க, அவளே ஆத்துமேடு ஒன்று என்று கேட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

பதினோரு வளைவும் துரைக்கண்ணு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இறங்கினான். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆத்துமேடு பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள், அவளும் பின்பக்கப் படியில் இறங்கினாள். அவ்வளவுதான் என்று நினைத்து அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபோது, அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அவன் சன்னலுக்கு வந்தாள். மெஷினை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை உள்ளே நீட்டி அவன் கன்னத்தில் வைத்தாள்.

"சுடுதா?" என்றாள்.

"சுடுது."

"அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டீங்களே, இந்தக் கைதான் அது. ஒருக்கா தொட்டுப் பாத்துக்கங்க."

அவன் கன்னத்தைத் திருப்பாமல் வைத்திருந்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய அக்கா ஊருக்குப் போகிற பஸ் எதிர்வரிசையில் நின்றிருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் அதில் ஏறிக்கொண்டாள். அது புறப்பட்டுச் சாலை திரும்பும் வரை துரைக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தான். நேரமாகிவிட்டதென்று சடையன் விசில் கொடுத்தான். துரைக்கண்ணு சாவியைத் திருப்பினான். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.